சாம்பல் நிறத்தில் ஒரு ‘விடு’

இப்படி உட்காரம்மா. அந்த இடம் காலிதான். பை என்னுடையது, எடுத்துவிடுகிறேன். உனக்கும் மருந்து விட்டாயிற்றா? ஓ, உனக்கில்லை, அப்பாவுக்கா. எனக்கு இரண்டாம் சுற்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்மணி நன்றாக விரிய வேண்டுமாம். அதுவரைக்கும் மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். நாளை மறுநாள் ஆபரேஷன். கண்ணைத்தான் மூடச் சொன்னார்கள், வாயைச் சொல்லவில்லை. அதனால் பேசுகிறேன். தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடு, நிறுத்திக்கொள்கிறேன்.

நிறுத்த மாட்டேன், சும்மா சொன்னேன்.

என்ன வேலை பார்க்கிறாய்? சென்னையிலா, சரி. விளையாட்டுக் கம்பெனி என்றால்? பந்து, மட்டை செய்கிறவர்களா?

போன் விளையாட்டா.

அதில் நீ என்ன செய்கிறாய்? எந்த பட்டன் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தொட்டால் என்ன சத்தம் வர வேண்டும் என்று பார்க்கிறாயா. அதற்கு ஒரு ஆள் இருக்கிறாரா! அதற்குப் படிப்பு வேறு இருக்கிறதா!

ச்சீ.

உன்னைச் சொல்லவில்லை. இல்லை, உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இத்தனை நாளாக யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திட்டிக்கொண்டிருந்தேன். யந்திரத்தைத் திட்டினால் அதற்கு உறைக்கவா போகிறது? இப்போது ஒரு முகம் கிடைத்திருக்கிறது, அதைப் பார்க்க முடியாமல் கண்ணில் மருந்து. குரலைக் கேட்டால் நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறது. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். லைன் கொடுக்கிற வேலை. குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவேன்.

ஓரகத்தி என்றால் தெரியுமா உனக்கு? அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட இருவர். தனபாக்கியம் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்பேன். அவள் என்னை மங்கை என்பாள். முழுப்பெயர் மங்கையர்க்கரசி, அதைச் சொல்லிக் கூப்பிட யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருந்தோம். பிறகு பாகம் பிரிந்தது, அடுப்பு இரண்டாயிற்று. அப்புறம் அவளுக்கும் துணை போயிற்று, எனக்கும் போயிற்று. அவள் மகனோடு கோயம்புத்தூருக்குப் போனாள். நான் இங்கேயே, மதுரையிலேயே. என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள்.

சாயங்காலம் காப்பி குடிக்கிற நேரத்துக்கு அக்கா போன் பண்ணுவாள். விசேஷமாக ஒன்றும் இருக்காது. ‘என்னடி குழம்பு?’ என்பாள். சொல்வேன். ‘புளி கூடப் போட்டிருப்ப’ என்பாள். அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்தப் பொழுது விடிகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

போன வருஷம் அவளுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். நான்தான் போய் உட்கார்ந்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், தெரியுமல்லவா? அவள் மருமகள் சிந்துஜா நல்ல பெண்தான், ஆனால் அவள் விட்டால் மருந்து கன்னத்தில் வழியும். அக்கா கண்ணை இறுக்கிக்கொள்வாள். நான் விட்டால் திறப்பாள். அப்போதே சொன்னாள்: ‘ஒனக்குப் பண்றப்ப நான் வந்துருவேன்டி. நர்சு கிர்சுன்னு எவளையும் வச்சுராத. கண்ணு தெரியாதவள ஏமாத்திருவாளுக.’

அதை நம்பித்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது ஆபரேஷன் வந்துவிட்டது. அக்கா வரவில்லை. அவளுக்குத் தெரியவே தெரியாது. பங்குனியிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

எதனால் என்கிறாய்? உன் வேலையால்.

அந்தத் தாய விளையாட்டை என் போனில் போட்டுக் கொடுத்தது சிந்துஜா. நான் கோயம்புத்தூரிலிருந்து கிளம்புகிறபோது, ‘சின்னத்தை, இனிமே நீங்க ரெண்டு பேரும் அங்கயும் இங்கயும் இருந்துக்கிட்டே வெளையாடலாம்’ என்றாள். சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். நீ தாயம் ஆடியிருக்கிறாயா? ஆடியதில்லையா! ஆடாமலே விளையாட்டுக் கம்பெனியில் இருக்கிறாய். பெரிய கணக்கு ஒன்றுமில்லை. கட்டையை உருட்டி, காயை நகர்த்திச் சுற்றி வர வேண்டும். எதிராளி காய் இருக்கிற கட்டத்தில் உன் காய் போய் விழுந்தால் வெட்டு. அவள் மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். ஒரு வெட்டாவது வெட்டியிருந்தால்தான் உள்கட்டத்துக்குள் விடுவார்கள். நடுவில் போய்ச் சேர்ந்துவிட்டால் பழம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். ஆட்டம் சூடு பிடிப்பதற்கு முன்னால் அக்கா ஒரு காயைக் கொண்டுவந்து என் வழியில் வைப்பாள். வெட்டிக்கொள் என்று சொல்ல மாட்டாள். வைத்துவிட்டு அடுப்பில் என்னவோ தீய்கிற மாதிரி அந்தப் பக்கம் பார்ப்பாள். நான் வெட்டிக்கொள்வேன். அடுத்து நானும் ஒன்றை அவள் வழியில் வைப்பேன். ஆளுக்கு ஒரு வெட்டு ஆயிற்றா, அத்தோடு சரி. பழத்துக்குப் பக்கத்தில் போன காயை இருவருமே தொட மாட்டோம். பேசி வைத்ததில்லை. மாமியார் கண்ணில் படாமல் இரண்டு மருமகள்கள் ஒரே வீட்டில் பிழைத்ததெல்லாம் அப்படித்தான்.

இதை உங்கள் யந்திரத்துக்கு யார் சொல்வது?

முதலில் அந்தச் சத்தம். பித்தளைக் கட்டை சிமெண்டுத் தரையில் உருண்டால் ஒரு சத்தம் வருமே, காதுக்குக் குளிர்ச்சியாக. அது இல்லை. உருட்டினால் பட்டாசு. காய் நகர்ந்தால் சலங்கை. வெட்டினால் ஒரு சிரிப்பு, கெக்கெக்கே என்று, ஒரு பொம்பளைச் சிரிப்பு. யாரம்மா அவள்? எந்த வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்து அப்படிச் சிரிக்கச் சொன்னார்கள்? வெட்டுப்பட்ட காய்க்குத் திடீரென்று முகம் முளைக்கும். கண்ணிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். அழுதுகொண்டே உருண்டு போய்க் கீழே விழும். மேலே இருந்து தங்கக்காசு கொட்டும். நாங்கள் வெட்டினால் காயை எடுத்து எதிராளி கையில் கொடுப்போம். அக்கா அதை முந்தானையில் ஒரு தடவை துடைத்துக் கொடுப்பாள். புளியங்கொட்டைதான், துடைக்க அதில் என்ன இருக்கிறது? ஆனாலும் துடைப்பாள்.

அப்புறம் பேச முடியாது. ஆட்டத்துக்கு நடுவில் ஒரு வார்த்தை பேசலாம் என்றால் வழி கிடையாது. பேச்சுக்குப் பதிலாகப் படம். சிரிக்கிற கழுதை, அழுகிற குழந்தை, பல்லைக் கடிக்கிற குரங்கு. வெற்றிலை பாக்கு மாதிரி வரிசையாக வைத்திருக்கிறார்கள். அதுவும் அந்தக் கழுதை எங்கே இருக்கிறது தெரியுமா? வலது பக்கம் கீழே. போனைப் பிடித்தால் கட்டை விரல் சரியாக அங்கேதான் வந்து உட்காரும். தெரியாமல் பட்டாலும் கழுதை போய்விடும். போய், எதிராளி போனில் கத்தும். திரும்ப வாங்க முடியாது.

அங்கே அதை வைத்தது யார்? ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்து வைத்ததுதானே? விரல் அங்கேதான் வரும் என்று தெரிந்தே வைத்ததுதானே? நாற்காலி கிரீச்சிடுகிறது, நெளிகிறாய். நெளிகிறாய் என்றால் ஆமாம்.

பங்குனி உத்திரத்தன்று நடந்தது. அக்கா வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு, ‘பாருங்க, மதுரையில இருக்க எங்க மங்கையோட வெளையாடுறேன்’ என்று பெருமையாகக் காட்டியிருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தத்தை முழுசாக வைத்திருப்பாள். அவளுக்கு மற்றக் காயெல்லாம் பழமாகி, கடைசிக் காய் பழத்து வாசலில் நிற்கிறது. இன்னொரு கட்டம் போனால் அவளுக்கு ஆட்டம். எனக்கு விழுந்த எண்ணுக்கு நேராக அவள் காய்.

நான் யோசித்தேன். யோசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஒரு சிவப்புக் கோடு தேய்ந்துகொண்டே வரும், முடிந்தால் யந்திரமே ஆடிவிடும். யந்திரம் ஆடினால் வெட்டத்தானே வெட்டும்? வெட்டிவிட்டது. இங்கே சிரிப்பு, அங்கே சிரிப்பு. பதறிப்போய் போனை இறுக்கிப் பிடித்தேன். கழுதை போய்விட்டது.

சம்பந்தி வீட்டார் முன்னால், தனபாக்கியத்தைப் பார்த்து, ஒரு கழுதை.

மறுநாள் காப்பி நேரத்துக்குப் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான் கூப்பிட்டிருக்கலாமே என்கிறாயா? நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? வெட்டியது நானா?

என்ன கேட்டாய்? வெட்டுவதற்கு முன்னால் அது கேட்கவில்லையா என்றா? கேட்டது. கேட்காமல் என்ன. ‘வெட்டு’ என்று சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு, துடிக்கிற மாதிரி. ‘விடு’ என்று சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி. புரை விழுந்த கண்ணுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? இடது பக்கம், கட்டைக்கு அடியில், சோழிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். நீயே போனை எடுத்துப் பார். அங்கேதான் இருக்கும். யார் கண்ணுக்குத் தெரியும்?

ஏன் சிரிக்கிறாய்? சிரிக்கவில்லையா. மூச்சு அப்படிக் கேட்டது.

இங்கே பார், நான் சொல்வதைக் கேள். ஆள் கிடைக்காத நேரத்தில் யந்திரத்தோடு ஆடுவேன். யந்திரத்தை வெட்டினால் என்ன, அதற்கென்ன வலிக்கவா போகிறது? வெட்டுவேன். முதல் தடவை அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டது. பத்து நாள் போனால் காது அதற்குக் காத்துக்கொண்டிருக்கிறது. கட்டை உருள்கிறபோதே விரல் அந்தச் சிவப்புக்குப் போய் நிற்கிறது. என்ன அசிங்கம் அது! யாரோ ஒருத்தி கெக்கெக்கே என்று சிரிக்க வேண்டும் என்பதற்காக என் விரல் போகிறது. இதைத்தான் சொல்கிறேன். எங்கள் கையை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். அப்புறம் அது செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பு?

சரி, விடு. அது போகட்டும். அடுத்தது இன்னும் கேவலம்.

சித்திரை பிறந்து கொஞ்ச நாள் இருக்கும். துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், போன் சலங்கை கட்டிக்கொண்டு குலுங்குகிறது. பார்த்தால், ‘தனபாக்கியம் உங்களைத் தேடுகிறார்! ஒரு ஆட்டம் போடலாமா?’ பக்கத்தில் அவள் படம்.

நீ என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை, நான் அப்படியே துணிமேல் உட்கார்ந்துவிட்டேன். அக்கா இறங்கி வந்துவிட்டாள். என் அக்கா. பாகம் பிரித்த அன்றைக்குக்கூட முதலில் வாய் திறக்காதவள். எங்கள் குடும்பத்தில் சண்டை என்றால் யார் முதலில் பேசுவது என்பதுதான் சண்டையே. எதற்குச் சண்டை என்பதெல்லாம் மறந்துபோகும். மாடி வீட்டுக் கஸ்தூரியிடம் சொன்னேன். மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ‘பாத்தியா, பெரியம்மாவே தேடுறாங்க’ என்று.

உடனே பதில் போடவில்லை. போட்டால் மரியாதை இல்லை. கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போன் பண்ணினேன். குரலில் ஒரு குழைவோடுதான் பேசினேன், அது எனக்கே தெரியும்.

‘என்னக்கா, தேடுனீங்களாமே?’

‘நானா? நீதானடி தேடுன. உம்பேருதான் வந்துச்சு. சரி, சின்னவதானே, எறங்கி வந்துட்டா, பேசட்டும்னு இருந்தேன்.’

‘எம்பேரா? எனக்குத்தான் உங்க பேரு வந்துச்சு. கஸ்தூரிகூடப் பாத்தா.’

‘இங்க சிந்துஜா பாத்தா. சம்பந்திகிட்டயும் சொல்லிட்டேன். ஏண்டி, வெட்டவும் வெட்டிட்டு, கழுதையவும் அனுப்பிட்டு, இப்பப் பொய் வேற சொல்றியா?’

‘யாருக்கா பொய் சொல்றது? வயசுக்குத் தகுந்த மாதிரி பேசுங்க.’

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவள் என்னைப் பொய் சொல்கிறாய் என்கிறாளே! வைத்துவிட்டாள். எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ பேர் போனை வைக்கிற சத்தம் கேட்டிருக்கிறேன். கோபத்தில் வைப்பவர்கள் படக்கென்று வைப்பார்கள். அவள் மெதுவாக வைத்தாள்.

என்ன? என்னம்மா சொல்கிறாய்?

யாரும் அனுப்பவில்லையா. அதுவாகவே அனுப்புமா. கொஞ்ச நாள் ஆடாமல் இருந்தால், இவள் பெயரில் அவளுக்கும் அவள் பெயரில் இவளுக்கும் அதுவாகவே போடுமா. உங்கள் கம்பெனியிலும் உண்டா?

தூ.

இல்லை, உன்மேல் இல்லை. தரையில்கூட இல்லை, வாயால் சொன்னேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி.

அப்படியானால் அக்கா சொன்னது பொய்யில்லை. நான் சொன்னதும் பொய்யில்லை. நடுவில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு இரண்டு கிழவிகளின் பெயரையும் எடுத்துக்கொண்டு இரண்டு வாசலிலும் போய்க் கையேந்தியிருக்கிறான். என்னைக் கேட்டானா? லைன் கொடுக்கிறபோது ஒரு வார்த்தை நடுவில் பேசினால் எங்களுக்கு மெமோ கொடுப்பார்கள். இவன் முழுப்பேச்சையும் பேசியிருக்கிறான். என் வாழ்நாளில் நான் யாரிடமும் போய் நின்றதில்லை. என் பெயர் போய் நின்றிருக்கிறது. சலங்கை கட்டிக்கொண்டு!

சிந்துஜாவுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? படித்த பெண்தானே. தெரிந்தும் சொல்லாமல் இருந்தாளோ என்னவோ. போகட்டும், அவளை இப்போது இழுக்க வேண்டாம்.

அப்படிப் பெயரில் அனுப்புவதை நிறுத்தலாமா? எப்படி? இந்தா போன். கண்ணைத் திறந்தால் எல்லாம் பாலாகத் தெரிகிறது, நீயே பார். உள்ளே எங்கேயோ இருக்குமா. இருக்கும், எறும்பு மாதிரி எழுதியிருப்பார்கள். கிடைத்ததா? ‘என் பெயரில் நண்பர்களை அழைக்கவும்.’ பச்சையாக இருக்கிறதா. தட்டினால் சாம்பலாகிவிடும், அப்புறம் போகாது. சரி.

இரு, இரு. தட்டாதே. ஒன்று கேட்கிறேன்.

அவளுக்கு இப்போதும் போய்க்கொண்டிருக்கிறதா? நான் திறந்தே பார்க்கவில்லை, சித்திரையிலிருந்து. அப்படியானால் போய்க்கொண்டேதான் இருக்குமா. வாரா வாரமா? ஒரே மாதிரியா எழுதும், மாற்றி எழுதுமா? அதைப் பார்க்க முடியுமா உன்னால்? எனக்குப் படித்துக் காட்டு. மெதுவாகப் படி.

‘மங்கையர்க்கரசி உங்களைத் தேடுகிறார்.’ அது தெரியும். அடுத்தது?

‘நீங்கள் இல்லாமல் மங்கையர்க்கரசிக்குப் பொழுதே போகவில்லை.’

அடப்பாவி.

அடுத்தது?

‘மங்கையர்க்கரசி உங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு முறை வந்து பாருங்கள்.’

இதை யார் எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறாய்? உன்னை மாதிரி ஒரு பெண்ணா? இருபத்தைந்து வயதிருக்குமா? அவளுக்கு என்ன தெரியும்? ஏதோ சம்பளத்துக்கு எழுதியிருக்கிறாள். வெட்கமில்லாமல் எழுதியிருக்கிறாள். ‘உங்களையே’ என்று போட்டிருக்கிறாள் பார், அந்த ஏகாரத்தை. நான் எழுதினால் அதைப் போட மாட்டேன். எனக்கு வராது.

இன்றைக்கும் போகுமா?

ராத்திரிக்குள் போய்விடும் என்கிறாய். அக்கா போனில் சலங்கை குலுங்கும். சத்தம் முழுசாக வைத்திருப்பாள். முதலில் சலித்துக்கொள்வாள். கண்ணாடியைத் தேடுவாள். தலைக்குமேல் ஏற்றி வைத்துவிட்டுத் தேடுவாள். அப்புறம் எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

நிறுத்த வேண்டாம், விடு. பச்சையாகவே இருக்கட்டும்.

அவள் நம்பரா? இருக்கிறது, முதல் பெயரே அவள்தான். இல்லையம்மா, நீ போட வேண்டாம். நானும் பேச மாட்டேன். ஆபரேஷன் என்று சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைக் காட்டி வரவழைத்த மாதிரி ஆகிவிடும். நான் கூப்பிட மாட்டேன். அது கூப்பிட்டால் கூப்பிடட்டும். அதற்குத்தான் வெட்கம் கிடையாதே.

போனைக் கொடு. பைக்குள் வேண்டாம், கையிலேயே இருக்கட்டும். மூன்றாம் சுற்று மருந்து வருகிறது போலிருக்கிறது. செருப்புச் சத்தம் கேட்கிறது.

நான்தான் மங்கையர்க்கரசி, சிஸ்டர். இங்கே இருக்கிறேன். ஆமாம், சர்க்கரை இல்லை, பிரஷருக்கு மாத்திரை உண்டு. ஆபரேஷன் அன்றைக்குத் துணைக்கு யார் இருப்பார்கள் என்றா? ஆள் இல்லாமல் செய்ய மாட்டீர்களா. இந்தப் பெண் இல்லை, இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள். தனபாக்கியம். ஊர் கோயம்புத்தூர். உறவு, ஓரகத்தி. புரியவில்லை என்றால் அக்கா என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்தா? வந்து போடுவாள்.